ஒரு வெள்ளை விதையின் நெடும்பயணம்: பேக்டு பீன்ஸின் வரலாறு

சென்ற ரமலான் மாதத்தில், இங்கிலாந்தில் மேற்படிப்புப் பயிலும் என் சகோதரியின் மகன் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். ஸஹர் நேரத்தில் எளிதாகச் சூடாக்கி உண்ணலாம் என்று எண்ணி அவன் வாங்கிவந்த பேக்டு பீன்ஸ் டின்னின் படம் அது. கீழே ஒற்றை வரி: "மாமா, இது நமக்கு ஆகுமா?"

பொருட்பட்டியலைப் படித்துவிட்டால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். ஆனால் நிலத்தில் விளைந்த ஒரு பயறைக் குறித்து இப்படியொரு ஐயம் ஏன் எழ வேண்டும்? விதையில் ஐயமில்லை, அதனுடன் மனிதர்கள் எதைச் சேர்த்துச் சமைத்தார்கள் என்பதிலிருந்தே ஐயம் பிறந்தது. அது பிறந்த வரலாறும் தீர்ந்த வரலாறும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி. இக்கட்டுரை அந்த விதையின் வரலாற்றை மட்டுமே சொல்ல முற்படுகிறது.

செடியும் அதன் தாயகமும்

பேக்டு பீன்ஸ் டின்னில் இருப்பது 'ஃபேசியோலஸ் வல்காரிஸ்' என்னும் தாவர இனத்தின் ஒரு வகையாகும். இப்பெயரை 1753ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் தம் நூலில் பதிவு செய்தார். இந்தச் செடி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஊட்டி, கொடைக்கானல் மலைகளிலிருந்து நம் சந்தைக்கு வரும் பச்சை பீன்ஸும், வடஇந்தியர் விரும்பி உண்ணும் சிவந்த ராஜ்மாவும் இதே இனத்தைச் சேர்ந்தவை. பிஞ்சாகப் பறித்தால் பொரியலுக்கான காய். செடியிலேயே முற்றி உலர விட்டால் பயறு. நமக்கு நெடுங்காலமாகப் பழக்கமான அவரையும் மொச்சையும் தட்டைப்பயறும் வேறு இனங்கள்.

டின்னுக்குரிய வகையை ஆங்கிலேயர் 'ஹாரிகாட்' என்றும் அமெரிக்கர் 'நேவி பீன்' என்றும் அழைக்கின்றனர். பட்டாணியை விடச் சற்று நீண்ட, முட்டை வடிவிலான வெள்ளை விதை அது. இலைக்காம்பு ஒவ்வொன்றிலும் மூன்று சிற்றிலைகள், வெண்ணிறப் பூக்கள், தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்பு. விதைத்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் காய்கள் காய்ந்து அறுவடைக்கு வந்துவிடும்.

இவ்வினத்தின் காட்டு மூதாதை வடக்கு மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினாவின் வடமேற்கு வரை பரந்த மலைச்சரிவுகளில் படர்ந்து வளரும் கொடியாகும். காட்டுக் கொடியின் காய்கள் முற்றியதும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதைகளைத் தரையில் சிதறிவிடும். வெடிக்காமல் நிற்கும் காய்களைத் தேர்ந்தெடுத்து மீண்டும் மீண்டும் விதைத்ததன் மூலம், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் இதனைப் பயிராக்கினர். வியப்புக்குரிய செய்தி யாதெனில், இப்பணி ஒரே இடத்தில் நிகழவில்லை. மெக்சிகோ நிலப்பகுதியில் ஒரு முறையும் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் மற்றொரு முறையும், ஒன்றையொன்று அறியாத இரு மக்கள் கூட்டங்கள் ஒரே கொடியை வசப்படுத்தின. 2014இல் வெளியான இத்தாவரத்தின் மரபணுத் தொகுதி ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது. பெரிய ராஜ்மா விதை ஆண்டிஸ் வழிவந்தது. சிறிய வெள்ளை நேவி பீன்ஸ் மெக்சிகோ வழிவந்தது.

மெக்சிகோவின் உழவர்கள் சோளத்தையும் பீன்ஸையும் பூசணியையும் ஒரே நிலத்தில் இணைத்துப் பயிரிட்டனர். இங்கே சோளம் என்பது நாம் மக்காச்சோளம் என்று அழைக்கும் பயிர். அதன் தண்டு பீன்ஸ் கொடிக்குக் கொழுகொம்பானது. பூசணியின் அகன்ற இலைகள் தரையை மூடி ஈரத்தைக் காத்தன. பீன்ஸின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தந்தன. உண்பவரின் தட்டிலும் இவ்விணக்கம் தொடர்ந்தது. மக்காச்சோளத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பீன்ஸில் மிகுதி. பீன்ஸில் குறைவான மெத்தியோனின் மக்காச்சோளத்திலிருந்து கிடைத்தது. வேதியியல் அறியாத அம்மக்கள் அனுபவத்தாலேயே இந்தச் சேர்க்கையைக் கண்டடைந்தனர். காலப்போக்கில் இம்முறை வடக்கே பரவி, இன்றைய அமெரிக்காவின் வடகிழக்கிலிருந்த பூர்வகுடிகளையும் சென்றடைந்தது. அவர்கள் இம்மூன்று பயிர்களையும் 'மூன்று சகோதரிகள்' என்று அழைத்தனர்.

பெயர் பழையது, பயிர் புதியது

1492ஆம் ஆண்டின் ஜனவரியில் அந்தலூஸின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் கரையிறங்கினார். அதற்கு முந்தைய காலம் முழுவதும் பழைய உலகத்தில் எவரும் இந்த பீன்ஸைக் கண்டதில்லை. அரபுலகம் அறிந்திருந்தவை இரண்டு. ஒன்று 'பாகில்லா' அல்லது 'ஃபூல்' எனப்படும் பெரிய பயறு. எகிப்தியரின் காலை உணவான ஃபூல் முதம்மஸ் இதிலிருந்து ஆக்கப்படுவது. மற்றொன்று 'லூபியா', நாம் காராமணி என்றும் தட்டைப்பயறு என்றும் அழைப்பதே அது. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய வேளாண்மைப் பெருநூல், இத்தகைய பயறுகளைப் பயிரிடும் முறைகளை விரிவாகப் பேசுகிறது.

1492 நவம்பரில் கியூபாவில் இருந்தபோது, தம் நாட்டில் உள்ளவற்றினின்றும் மிகவும் வேறுபட்ட பயறுகளைக் கண்டதாகக் கொலம்பஸின் நாட்குறிப்பு கூறுகிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் புதிய பயறு ஐரோப்பியத் தோட்டங்களில் வேரூன்றிவிட்டது. 1542இல் ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் வெளியிட்ட மூலிகை நூலில் அதன் படம் இடம்பெற்றுள்ளது.

புதிய பயிருக்குப் புதிய பெயர் சூட்ட எவரும் முற்படவில்லை. பழைய உலகத்தின் பயறு ஒன்றுக்குக் கிரேக்கரும் ரோமரும் வழங்கிய பெயரையே இதற்கும் வழங்கினர். அப்பெயர் கிரேக்கத்தில் 'ஃபசூலியா' என்றும், துருக்கியில் 'ஃபசுல்யே' என்றும், அரபியில் 'ஃபாசூலியா' என்றும் உருப்பெற்றது. சில அரபு நாடுகளில் 'லூபியா' என்ற சொல்லே புதிய பயறுக்கும் உரியதாயிற்று. இதனால் பழைய நூல்களைப் படிப்போர் சற்றுக் கவனமாக இருத்தல் வேண்டும். இடைக்கால அரபு நூலில் 'லூபியா' என்று கண்டால், அது இன்றைய பீன்ஸ் அன்று, காராமணியே.

உஸ்மானியப் பேரரசின் நிலங்களில் இப்பயறு நன்கு செழித்தது. உலர்ந்த வெள்ளை விதையை இரவு முழுதும் ஊறவைத்து, வெங்காயமும் தக்காளியும் சேர்த்து, ஆட்டிறைச்சியோடோ இறைச்சியின்றியோ மெல்லிய தீயில் வேகவைக்கும் 'குரு ஃபசுல்யே' இன்று துருக்கியரின் தேசிய உணவுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. இஸ்தான்புல்லில் சுலைமானிய்யா பள்ளிவாசலுக்கு எதிரே, இவ்வுணவுக்கென்றே பெயர்பெற்ற கடைகள் வரிசையாக உள்ளன. தொழுகை முடித்து வெளிவருவோர் அங்கே அமர்ந்து சோற்றுடன் இதனை உண்பது அன்றாடக் காட்சி. சிரியா, லெபனான், இராக் முதலிய நாடுகளின் வீடுகளிலும் 'ஃபாசூலியா' ஆட்டிறைச்சிக் குழம்பாகச் சோற்றுடன் பரிமாறப்படுகிறது.

ஆக, தக்காளிச் சாற்றில் வெந்த வெள்ளை பீன்ஸ், முஸ்லிம் இல்லங்களில் எவ்வித ஐயமுமின்றி நெடுங்காலம் உண்ணப்பட்டு வந்த உணவே. அதே விதை அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில் வேறொரு பானைக்குள் புகுந்தது. நம் பிள்ளைகளின் ஐயம் அந்தப் பானையிலிருந்து வந்தது.

பாஸ்டன் நகரத்துப் பானை

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள், ஓய்வு நாளை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தனர். அந்நாளில் சமைத்தலும் விலக்கப்பட்டிருந்தது. எனவே சனிக்கிழமையன்று மண்பானையில் பீன்ஸை நிரப்பிச் செங்கல் அடுப்பின் கணப்பில் வைத்துவிடுவர். அன்று இரவு உண்டது போக, எஞ்சியது அடுப்பின் சூட்டிலேயே இருந்து ஞாயிற்றுக்கிழமைக்கும் உணவாகும். 'பேக்டு' என்ற சொல் இந்த அடுப்பிலிருந்தே வந்தது. வழிபாட்டு நாளின் ஒழுங்கு ஓர் உணவை உருவாக்கியது என்பது நமக்கு எளிதில் விளங்கக்கூடிய செய்திதான். யூதர்களும் தம் சனிக்கிழமை ஓய்வு நாளுக்காக இவ்வாறே முந்தைய நாள் அடுப்பேற்றிவைக்கும் பயறு உணவைக் கொண்டுள்ளனர்.

ஆனால் பாஸ்டன் பானையில் பயறோடு இரண்டு பொருள்கள் சேர்ந்தன. ஒன்று, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி. குளிர் நாட்டில் நீண்ட நாள் கெடாதது என்பதால் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லோர் வீட்டிலும் அது இருந்தது. மற்றொன்று, கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கரும்பாகு. இது கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து கப்பல் கப்பலாகப் பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்தது.

இந்தக் கரும்பாகின் இனிப்புக்குப் பின்னால் ஒரு கொடுமை உண்டு. அத்தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். கரும்பாகு நியூ இங்கிலாந்தில் மதுவாக வடிக்கப்பட்டது. அம்மதுவைக் கொடுத்து ஆப்பிரிக்கக் கரையில் மேலும் மனிதர்கள் வாங்கப்பட்டனர். அவ்வாறு அட்லாண்டிக் கடல் கடத்தப்பட்டவர்களுள் மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களும் இருந்தனர்.

அவர்களுள் ஒருவர் அய்யூப் சுலைமான் டியாலோ. செனகல் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த, குர்ஆனை மனனம் செய்த கல்விமான். 1731இல் பிடிக்கப்பட்டு, வட அமெரிக்காவின் மேரிலாந்தில் புகையிலைத் தோட்டமொன்றில் அடிமையாக்கப்பட்டார். அவர் அரபியில் எழுதிய கடிதம் ஒன்றே அவரது விடுதலைக்கு வழிவகுத்தது. 1733இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். உடன் பயணித்த தாமஸ் புளூயட் மறு ஆண்டு வெளியிட்ட நூலில் அவரது உணவு ஒழுக்கத்தைக் குறித்துள்ளார். தம் கையாலோ மற்றொரு முஸ்லிமின் கையாலோ அறுக்கப்பட்ட பிராணியின் இறைச்சியை மட்டுமே அவர் உண்டார், மீனை மறுக்கவில்லை, பன்றி இறைச்சியைத் தீண்டவே இல்லை. கப்பலிலிருந்த பிராணிகளை அவரே அறுத்துக்கொள்ள அனுமதி அளிக்கப்பட்டது. எல்லாவற்றையும் இழந்த நிலையிலும் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமையை அம்மனிதர் விட்டுவிடவில்லை. பொருட்பட்டியலைப் படிக்க ஒரு நிமிடம் சோம்பும் நமக்கு, அவரது வாழ்வில் பாடம் உண்டு.

டின்னின் வருகை

உணவைக் காற்றுப்புகாமல் அடைத்துக் கொதிக்கவைத்தால் நெடுநாள் கெடாது என்பதைப் பிரெஞ்சு நாட்டவரான நிக்கோலா அப்பேர் கண்ணாடிக் குடுவைகளில் செய்து காட்டி, 1810இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர், தகரக் கலங்களையும் உள்ளடக்கிய காப்புரிமை ஒன்றைப் பெற்றார். 1813 அளவில் பிரையன் டான்கினின் நிறுவனம் டின் உணவுகளைப் பிரிட்டிஷ் படைகளுக்கு வழங்கத் தொடங்கியது.

உலர்ந்த பயறு எளிதில் கெடாது, விலை மலிவு, புரதம் மிக்கது. நெடுங்கடல் செல்லும் மாலுமிகளுக்கு இதனினும் ஏற்ற உணவு அரிது. 19ஆம் நூற்றாண்டு முழுதும் அமெரிக்கக் கடற்படையின் அன்றாட உணவாக இருந்தமையாலேயே இவ்விதைக்கு 'நேவி பீன்', அதாவது கடற்படைப் பயறு, என்ற பெயர் நிலைத்தது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள் பீன்ஸை டின்னில் அடைத்து விற்கத் தொடங்கின. பாஸ்டன் பானையின் வழக்கப்படியே அவற்றிலும் பன்றி இறைச்சித் துண்டு இருந்தது; 'போர்க் அண்ட் பீன்ஸ்' என்பதே விற்பனைப் பெயர். கரும்பாகுக்குப் பதிலாகத் தக்காளிச் சாறு சேர்க்கும் முறையும் அக்காலத்தில் பரவியது. பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே 1869இல் உணவுத் தொழிலைத் தொடங்கிய ஹென்றி ஹைன்ஸ், 1886இல் தம் பொருள்களின் மாதிரிகளை லண்டனின் புகழ்பெற்ற ஃபோர்ட்னம் அண்ட் மேசன் அங்காடிக்குக் கொண்டுசென்று விற்றார். அவரது நிறுவனம் பின்னர் பீன்ஸையும் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தது. 1928 முதல் லண்டனின் ஹார்ல்ஸ்டன் ஆலையிலேயே அது தயாரிக்கப்பட்டது. பிரிட்டனில் விற்ற அந்த டின்னிலும் தொடக்கத்தில் பன்றி இறைச்சி இருந்தது.

பன்றி இறைச்சி நீங்கிய இரு தருணங்கள்

இவ்விறைச்சி டின்னிலிருந்து வெளியேறிய வரலாற்றில் இரு நிகழ்வுகள் முக்கியமானவை.

முதலாவது அமெரிக்காவில் நிகழ்ந்தது. தம் சமய உணவு விதிகளில் உறுதியாக நின்ற யூதச் சமூகத்தினர், ஆலைகளில் தயாராகும் உணவுகளுக்கு நம்பத்தக்க சான்று வேண்டும் என்று முயன்றனர். அதன் பயனாக 1923இல், ஹைன்ஸ் நிறுவனத்தின் இறைச்சியற்ற பீன்ஸ் டின் மீது, வட்டத்துக்குள் 'யூ' என்ற ஆங்கில எழுத்தமைந்த சிறு முத்திரை பொறிக்கப்பட்டது. யூத ஆர்த்தடாக்ஸ் ஒன்றியத்தின் அந்த முத்திரை இன்று உலகெங்கும் எண்ணற்ற பொருள்களில் காணப்படுகிறது. அதனை முதன்முதலில் தாங்கியது ஒரு பீன்ஸ் டின். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம் ஒன்றுபட்டுக் கேட்டபோது பெரும் ஆலையும் செவிசாய்த்தது. இன்று நாம் தேடும் ஹலால் முத்திரைகளைப் பற்றி எண்ணுகையில் இந்த முன்னுதாரணம் நினைவுகூரத் தக்கது.

இரண்டாவது பிரிட்டனில், இரண்டாம் உலகப் போரின்போது நிகழ்ந்தது. 1940 ஜனவரியில் பன்றி இறைச்சியின் பதப்படுத்திய வடிவமான பேக்கனும், மார்ச் மாதத்தில் பிற இறைச்சிகளும் பங்கீட்டு முறைக்குள் வந்தன. டின்னுக்குள் போட இறைச்சி கிடைக்காத நிலையில், அது இன்றியே பீன்ஸ் தயாரிக்கப்பட்டது. இறைச்சிப் பங்கீடு 1954ஆம் ஆண்டு வரை நீடித்தது. அதற்குள் மக்களின் நாக்கு இறைச்சியற்ற சுவைக்குப் பழகிவிட்டது. போர் முடிந்த பின்னும் பன்றி இறைச்சி அந்த டின்னுக்குத் திரும்பவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பிரிட்டனில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் கடைக்குச் சென்றபோது, பன்றி இறைச்சி அற்ற பீன்ஸ் அவர்களுக்காகக் காத்திருந்தது. எவரும் அவர்களை எண்ணிச் செய்த ஏற்பாடு அன்று அது. போரின் பற்றாக்குறை பிறர் அறியாமலே அவர்களுக்கு ஓர் எளிமையைத் தந்திருந்தது.

இன்றைய வயலும் இன்றைய டின்னும்

இன்று நேவி பீன்ஸ் பெருமளவில் விளையும் இடங்களுள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் குறிப்பிடத்தக்கவை. முற்காலத்து வகைகள் தரையில் படர்ந்தமையால் அறுவடை கடினமாக இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அறிஞர்கள் எக்ஸ் கதிர்களால் விதையில் மாற்றத்தை உண்டாக்கி, அதன் வழியே 'சானிலாக்' என்னும் குத்துச்செடி வகையை 1950களில் உருவாக்கினர். உலகிலேயே மிகுதியாக பேக்டு பீன்ஸ் உண்ணும் நாடுகளுள் ஒன்றான பிரிட்டனோ, தன் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதியே செய்கிறது. குளிர்ந்த வசந்தமும் ஈரமான இலையுதிர் காலமும் இச்செடிக்கு ஒவ்வாமையே காரணம். பிரிட்டன் மண்ணுக்கேற்ற வகைகளை உருவாக்கும் பணியில் வாரிக் பல்கலைக்கழகம் நெடுங்காலம் உழைத்து, அண்மையில் பயன் கண்டுள்ளது.

'பேக்டு' என்ற பெயர் இன்று பெரும்பாலும் பெயரளவில்தான். ஆலைகளில் விதைகளை வெந்நீரில் பக்குவப்படுத்தி, தக்காளிச் சாறுடன் டின்னில் அடைத்து மூடி, மூடிய டின்னோடு சேர்த்து வேகவைக்கின்றனர். ஆகவே டின்னிலுள்ளது முழுதும் வெந்த உணவு. உலர்ந்த விதையை வாங்கி வீட்டில் சமைப்போர் மட்டும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பச்சை விதையில் வயிற்றுக்குத் தீங்கு செய்யும் லெக்டின் என்னும் புரதம் உண்டு. ராஜ்மாவில் அது மிகுதி. இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குறைந்தது பத்து நிமிடங்கள் நன்கு கொதிக்கவைத்த பின்னரே மெல்லிய தீயில் வேகவிட வேண்டும்.

அமெரிக்கக் கடைகளில் 'போர்க் அண்ட் பீன்ஸ்' இன்றும் விற்கப்படுகிறது. பிரிட்டனிலும் தொத்திறைச்சி கலந்த பீன்ஸ் டின்கள், கலக்காதவற்றுக்கு அருகிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. படத்தைப் பார்த்து எடுப்பவர் தவறலாம். எழுத்தைப் படிப்பவர் தவறுவது அரிது.

என் மருமகனுக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "மகனே, நீ அனுப்பிய படத்தில் டின்னின் முன்பக்கம் மட்டுமே தெரிகிறது. திருப்பிப் பார். பொருட்பட்டியலில் பீன்ஸ், தக்காளி, தண்ணீர், சர்க்கரை, உப்பு, மசாலா இவையன்றி வேறு ஏதேனும் இருந்தால் எழுது, கேட்டுச் சொல்கிறேன். விதையைப் பற்றி ஐயம் வேண்டாம். எங்கோ ஒரு மலைச்சரிவில் இறைவன் முளைக்கச் செய்த விதை அது. அதன்மேல் மனிதர்கள் சேர்த்ததை மட்டும் படித்துப் பார்."

சிறிது நேரத்தில் டின்னின் பின்பக்கம் படமாக வந்தது. பட்டியலில் அவ்வாறு வேறெதுவும் இல்லை. அன்று அவன் ஸஹர் செய்துவிட்டு நோன்பு நோற்றான், அல்ஹம்துலில்லாஹ்.